ஊரை விட்டுப் போகாத முதல்



"முப்பது வருஷம் வாழ்ந்தவரும் இல்லை, முப்பது வருஷம் கெட்டவரும் இல்லை" என்று நம் பக்கம் ஒரு பேச்சு உண்டு. தாத்தா சேர்த்தார், அப்பா காத்தார், பேரன் கரைத்தார் என்று ஊருக்கு நாலு வீட்டையாவது காட்டிச் சொல்லிவிடுவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் இந்தப் பேச்சுக்குச் சாட்சி சொல்ல ஜமீன்களே இருக்கின்றன. ராஜபாளையத்துக்குத் தெற்கே கொஞ்ச தூரத்தில் சேத்தூர் ஜமீன். இன்னும் தெற்கே போனால் சிவகிரி ஜமீன். காடும் கழனியும் அரண்மனையும் இருந்த இடங்கள். 1948-ல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. பல தலைமுறைச் செல்வம் சில வருஷங்களில் பழங்கதை ஆகிவிட்டது.

அதே மலையடிவாரத்தில் அந்தப் பேச்சுக்கு அடங்காத ஒரு குடும்பமும் இருக்கிறது. மில் தொடங்கிய வருஷம் 1936. இன்று நான்காம் தலைமுறை பொறுப்புக்கு வந்துவிட்டது. ராஜபாளையத்து ராம்கோ குடும்பத்தைத்தான் சொல்கிறேன். சிமெண்டு மூட்டையிலும் கூரைத் தகட்டிலும் அந்தப் பெயரைப் பார்க்காத தமிழர் குறைவு. அந்த வீட்டின் கதை மூட்டையில் இருக்காது.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். ராஜபாளையத்து ராஜுக்கள் விஜயநகர காலத்தில் ஆந்திரப் பகுதியிலிருந்து தெற்கே வந்தவர்கள் என்பது அவர்களுடைய மரபு. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். பெயருக்கு முன்னால் நிற்கும் 'பி' என்ற எழுத்து பலருக்கு 'பூசபாடி' என்ற குடும்பப் பெயரைக் குறிக்கும். இவர்கள் வளர்த்த வெள்ளை வேட்டை நாய்க்கும் ஊர்ப் பெயரே பெயர். 2005-ல் தபால் துறை இந்திய நாய் இனங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது அந்த நாயும் அதில் இடம் பிடித்தது. மனிதருக்கு முன்பே நாய் தபால்தலை ஏறிவிட்டதோ என்று நினைக்க வேண்டாம். 1999-லேயே இந்த ஊர்க்காரர் ஒருவருக்கு அஞ்சல் தலை வந்துவிட்டது. அவரிடம் பிறகு வருகிறேன்.

கரிசல் காடு, மானாவாரிப் பருத்தி, மலையிலிருந்து வரும் கொஞ்சம் தண்ணீர். ராஜபாளையத்துக்கு இருந்த முதல் இவ்வளவுதான். அப்போது அது ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாவைச் சேர்ந்த ஊர். கோயிலும் கோர்ட்டும் கச்சேரியும் ஸ்ரீவில்லிபுத்தூரில், பஞ்சு வியாபாரம் ராஜபாளையத்தில். 1927-ல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு ரயில் பாதை வந்ததும் இரண்டு ஊரும் வெளி உலகத்தோடு ஒட்டின. அதே 1927-ல் காந்தியும் கதர் பிரசாரத்துக்காக ராஜபாளையம் வந்து போனார்.

காந்தி வந்துபோன ஊரில் ஒன்பது வருஷம் கழித்து ஒரு நூற்பாலை எழுந்தது. கைராட்டையைப் போற்றியவருக்கு அது முழுச் சந்தோஷம் தந்திருக்காது. ஆனால் மில்லைத் தொடங்கியவரும் காந்தி காலத்து மனிதர்தான். பி.ஏ.சி. ராமசாமி ராஜா, பிறந்தது 1894-ல். 'பி.ஏ.சி.ஆர்.' என்றால் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 1936-ல் அவர் ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1938-ல் மில் ஓட ஆரம்பித்தது.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். பி.ஏ.சி.ஆர். தொடங்கியது சொந்தக் கடை போன்ற வியாபாரம் கிடையாது. பங்குகள் போட்டுத் தொடங்கிய பொது கம்பெனி. வங்கிக் கடன் எட்டாத காலம், பங்கு என்றால் என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாத ஊர். வீடு வீடாகப் போய்ப் பேசிப் பங்கு சேர்த்தார்கள் என்று ராஜபாளையத்தில் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். விவசாயி ஒருவர் பருத்தி விற்ற காசைத் தன் நிலத்தில் போடாமல் இன்னொருவர் கட்டப்போகும் கட்டடத்தில் போடுகிறார். கைக்கு வருவது ஒரு காகிதம் மட்டும். அந்தக் காகிதத்தை நம்ப வைத்ததுதான் பி.ஏ.சி.ஆரின் முதல் சாதனை என்பது என் எண்ணம். இயந்திரம் எங்கேயும் வாங்கலாம். அந்த நம்பிக்கையை விலைக்கு வாங்க முடியாது.

1939-ல், இரண்டாம் உலகப்போர் தொடங்கிய அதே வருஷம், ராமராஜு சர்ஜிக்கல் காட்டன் மில். காயத்துக்கு வைத்துக் கட்டும் பஞ்சும் துணியும் அங்கே தயாராயின. இதன் பலன் அந்த மில்லின் மதில் சுவரோடு நின்றுவிடவில்லை. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி, சமுசிகாபுரம், அய்யன்கொல்லங்கொண்டான் ஊர்களுக்குள் போய்ப் பாருங்கள். தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். நெய்வது முழுக்க பேண்டேஜ் துணி. இந்தியாவில் எந்த மூலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டாலும், அந்தத் துணி சத்திரப்பட்டிப் பக்கம் நெய்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தீபாவளிப் பட்டுக்குக் காஞ்சிபுரத்தைக் கொண்டாடுகிற நாம் சத்திரப்பட்டியை ஒரு நாளும் நினைப்பதில்லை.

இனி சிமெண்டு. 1957-ல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் கம்பெனி பதிவானது. மெட்ராஸ் என்று பெயர் இருந்தாலும் ஆலை வந்தது விருதுநகருக்குப் பக்கத்தில் துலுக்கப்பட்டியில். காரணம் சுண்ணாம்புக்கல். பந்தல்குடிப் பக்கத்துப் பூமிக்கு அடியில் அது இருந்தது. சிமெண்டுத் தொழிலின் கணக்கு எளிது: கல் கனம், சரக்கோ மலிவு. கல்லைத் தூக்கிக்கொண்டு தூரம் போனால் லாபம் வண்டி வாடகையிலேயே போய்விடும். ஆகவே ஆலைதான் கல்லைத் தேடிப் போக வேண்டும். துலுக்கப்பட்டி ஆலை நாளைக்கு 200 டன் என்ற அளவில்தான் தொடங்கியது. 1962-ல் உற்பத்தி ஆரம்பம். அதே 1962-ல் பி.ஏ.சி.ஆர். காலமானார். ஆலையைச் சுற்றி எழுந்த குடியிருப்புக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது: ராமசாமி ராஜா நகர், பேச்சு வழக்கில் ஆர்.ஆர். நகர்.

குடும்பக் கதைகளில் கண்டம் வருகிற இடம் இதுதான். பெரிய கடனோடு புது ஆலை, நிறுவியவர் இல்லை, வாரிசு இருபத்தைந்தைத் தாண்டிய இளைஞர். அவர் பி.ஆர். ராமசுப்பிரமணிய ராஜா. 1935-ல் பிறந்தவர். அன்று எடுத்துக்கொண்ட பொறுப்பை 2017 மே மாதம் கண் மூடும் வரை, ஐம்பத்தைந்து வருஷம் சுமந்தார்.

அவர் காலத்தின் முதல் பாதி கட்டுப்பாட்டுக் காலம். சிமெண்டு விலையை அரசாங்கம் நிர்ணயிக்கும், யாருக்கு எத்தனை மூட்டை என்பதும் அரசாங்கக் கணக்கு. வீடு கட்ட பர்மிட் வாங்கி அலைந்த அனுபவத்தைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1982-ல் பாதிக் கட்டுப்பாடு தளர்ந்தது, 1989-ல் முழுவதும் போனது. தளர்ந்த கையோடு ஆந்திராவில் ஜெயந்திபுரம் ஆலை, பிறகு அரியலூர்ப் பக்கம் ஆலத்தியூர், கோவிந்தபுரம் என்று ஆலைகள் எழுந்தன. எல்லாமே கல் இருந்த இடங்கள். சூளை எரிக்கக் கரி வேண்டும், அரைக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் போதாமல் மாநிலம் தவித்த 1990-களில் இந்தக் கம்பெனி ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் பக்கம் காற்றாலைகளை நிறுத்தியது. கூரைத் தகட்டுக்காக 1960-களில் தொடங்கிய ராம்கோ இண்டஸ்ட்ரீஸ் வேறு இருந்தது. 2013-ல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் என்ற பெயர் ராம்கோ சிமெண்ட்ஸ் என்று மாறியது. நாளைக்கு 200 டன்னில் தொடங்கியது இன்று ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கு மேல் அரைக்கக்கூடிய கம்பெனி.

ராமசுப்பிரமணிய ராஜா சிருங்கேரி மடத்தில் ஆழ்ந்த பக்தி உள்ளவர். வேத பாடசாலை, கோயில் திருப்பணி என்று செலவழித்தவர். நேரம் தவறாதவர் என்று அவரிடம் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். எனக்கு இவற்றைவிட முக்கியமாகப் படுவது வேறு. இந்தியப் பங்குச் சந்தையில் பேர் வாங்கிய ஒரு சிமெண்டுக் கம்பெனியின் பதிவு அலுவலகம் ராஜபாளையத்தில் 'ராமமந்திரம்' என்ற முகவரியிலேயே இருந்தது. பங்குதாரர்களின் ஆண்டுப் பொதுக்கூட்டமும் ராஜபாளையத்தில், பி.ஏ.சி. ராமசாமி ராஜா சாலையில், பி.ஏ.சி.ஆர். நூற்றாண்டு சமுதாயக் கூடத்தில் நடக்கும். கொரோனா வந்து எல்லாக் கூட்டமும் கணினித் திரைக்குள் போகும் வரை இதுதான் வழக்கம். மும்பையிலிருந்து வரும் முதலீட்டாளர் வேண்டுமானால் மதுரையில் இறங்கி இரண்டு மணி நேரம் காரில் வரட்டும். பருத்திக்காட்டு விவசாயி தன் பங்குக்குக் கேள்வி கேட்க பஸ் ஏறி மெட்ராஸ் போக வேண்டியதில்லை. பணம் சேர்ந்ததும் பெருநகரத்துக்குக் குடிபோன தொழில் குடும்பங்கள் நம் மாநிலத்தில் எத்தனையோ. விற்பனையும் நிர்வாகமும் சென்னைக்குப் போனாலும் வேரை இவர்கள் பிடுங்கவில்லை.

மூன்றாம் தலைமுறையில் திசைகள் விரிந்தன. மகன் பி.ஆர். வெங்கட்ராம ராஜா கெமிக்கல் என்ஜினீயரிங் படித்துவிட்டு அமெரிக்காவில் நிர்வாகம் படித்தவர். 1990-களில் கம்ப்யூட்டர் மென்பொருள் பக்கம் போனார். 1997-ல் ராம்கோ சிஸ்டம்ஸ் தனிக் கம்பெனி ஆனது. அடுத்தவருக்கு வேலை செய்து தருவதே இந்திய மென்பொருளின் வழக்கமாக இருந்தபோது, சொந்தமாக மென்பொருள் தயாரித்து விற்க நினைத்த முயற்சி அது. லாபமும் நஷ்டமும் மாறி மாறி வந்த பாதை. சிமெண்டு கொடுத்த நிம்மதியை மென்பொருள் கொடுக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். தந்தைக்குப் பிறகு 2017-ல் குழுமத்தின் தலைமை அவரிடம் வந்தது. மகள் நளினா ராமலட்சுமி ராமராஜு சர்ஜிக்கல் காட்டன் மில்லின் பொறுப்பைக் கவனித்ததோடு, குழந்தை வளர்ப்புக்கென்றே 'செல்லமே' என்ற இதழையும் நடத்தினார். சிமெண்டு ஆலையின் அன்றாட நிர்வாகமோ, குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்து பல்லாண்டு உழைத்து மேலே ஏறிய அதிகாரிகள் கையில். நான் பார்த்தவரை, தலைமுறை தாண்டிய வீடுகள் எல்லாம் இந்த ஒரு காரியத்தைச் செய்திருக்கின்றன. சாவிக்கொத்தை வெளி ஆள் கையிலும் கொடுக்கத் துணிந்திருக்கின்றன. 1911-ல் தொடங்கிய டி.வி.எஸ். குடும்பம் 2022-ல் கம்பெனிகளைக் கிளைகளுக்குள் சுமுகமாகப் பிரித்துக்கொண்டது இன்னொரு வழி.

புகழ்ந்துகொண்டே போனால் இது வானொலி உரை ஆகாது, விழா மலர் ஆகிவிடும். 2012-ல் இந்தியப் போட்டி ஆணையம், விலையைக் கூடிப் பேசி நிர்ணயித்தார்கள் என்று பதினோரு சிமெண்டுக் கம்பெனிகளுக்கு 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அதில் மெட்ராஸ் சிமெண்ட்ஸின் பங்கு சுமார் 258 கோடி. கம்பெனிகள் மறுத்து மேல்முறையீடு செய்தன. ஒரு தீர்ப்பாயம் ஆணையை ரத்து செய்தது, ஆணையம் 2016-ல் மறுபடி விதித்தது, 2018-ல் மேல் தீர்ப்பாயம் அதை உறுதி செய்தது, வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. கல்நார் கலந்த கூரைத் தகடும் அப்படியே ஒரு கேள்விக்குறி. நுரையீரலைக் கெடுக்கும் என்று உலகில் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. இந்தியாவில் அதைக் கொண்டு தகடு செய்வதற்குத் தடை இல்லை. சட்டம் அனுமதிக்கிறது என்பது வியாபாரத்துக்குப் போதுமான பதில். தர்மத்துக்குப் பெயர் வாங்கிய வீட்டிடம் இன்னும் ஒரு படி அதிகம் எதிர்பார்ப்பது தவறாகாது.

இன்னொன்று. ராஜபாளையத்தில் பள்ளிக்கூடம், பாலிடெக்னிக், சாலை, சமுதாயக் கூடம், என்ஜினீயரிங் கல்லூரி என்று எங்கே திரும்பினாலும் அந்த வீட்டுப் பெயர். நன்றி சொல்ல வேண்டியதுதான். 1963-ல் ஒரு சிற்றூரில் பாலிடெக்னிக் வந்ததால் எத்தனை பையன்கள் வேலைக்குப் போனார்கள்! ஆனால் ஒரே கை எல்லாம் கொடுக்கும்போது ஊர் தானாகக் கேட்டு வாங்கப் பழகாமல் போய்விடும். பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூரைப் பாருங்கள். அங்கே ராம்கோ மாதிரி ஒரு வீடு இல்லை. ஊருக்குப் பெரிய சொத்து ஆண்டாள் கோயில். பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பெயருக்கும் எந்தக் குடும்பமும் உரிமையாளர் இல்லை. கூட்டுறவுச் சங்கமும் கிண்டுகிறது, கடைக்காரர்களும் கிண்டுகிறார்கள். 1875-ல் அங்கே ஒரு பொது நூலகம் தொடங்கினார்கள். கலெக்டர் பென்னிங்டன் பெயரை வைத்தாலும் முயற்சி உள்ளூர்க்காரர்களுடையது. நூற்றைம்பது வருஷமாகப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வாரிசு இல்லாத செல்வமும் நிலைக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் தெற்கே இல்லை.

அஞ்சல் தலைக்காரரைப் பிறகு சொல்கிறேன் என்றேன். பூசபாடி சஞ்சீவி குமாரசாமி ராஜா. 1898-ல் பிறந்தவர். வசதியான வீடு, ஆனால் மிகச் சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். பி.ஏ.சி.ஆருக்கு நாலு வயது இளையவர், அதே ஊர், அதே பூசபாடிப் பெயர். ஒருவர் கையிலிருந்த செல்வத்தை மில்லில் போட்டார். மற்றவர் காங்கிரஸில் போட்டார், ஜெயிலுக்குப் போனார். காமராஜரின் ஆதரவோடு 1949 ஏப்ரலில் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அப்போது முதலமைச்சருக்கு அதுதான் பெயர். 1950 ஜனவரி 26-ல் குடியரசு பிறந்தபோது அந்த நாற்காலியில் இருந்தவர் இந்த ராஜபாளையத்துக்காரர். ஜமீன்கள் கலைந்துகொண்டிருந்ததும் அவர் ஆட்சிக் காலத்தில்தான். 1952 தேர்தலில், முதலமைச்சராக இருந்துகொண்டே, சொந்த மண்ணான ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் தோற்றார். பிறகு ஒரிசாவுக்கு ஆளுநராகப் போனார். இன்று ஒரிசாப் பையன்கள் வரிசையாக நம் ஊர் நூற்பாலைகளுக்கு வேலைக்கு வருகிறார்கள். காலம் போடும் கணக்கு விசித்திரம். 1957-ல் குமாரசாமி ராஜா மறைந்தார். தான் வாழ்ந்த வீட்டை ஊருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். ராஜபாளையத்தில் காந்தி கலை மன்றம் இருப்பது அந்த வீட்டில்தான்.

இரண்டு ராஜாக்களில் யார் பெரியவர் என்று கேட்டால், என் ஓட்டு குமாரசாமி ராஜாவுக்கு. ஆனால் ஊரில் அடுப்பு எரிந்தது பி.ஏ.சி.ஆர். ஓட்டிய மில்லால் என்பதையும் மறைக்க மாட்டேன்.

கடைசியாக, இந்தப் பக்கத்து நேயர்களிடம் ஒரு வேண்டுகோள். பொது கம்பெனி என்றால் நிறுவியவர் வீட்டில் மட்டும் வாரிசு இருக்காது. அன்றைக்கு நம்பிப் பணம் கொடுத்த ஒவ்வொரு வீட்டிலும் வாரிசு உண்டு. உங்கள் தாத்தாவோ பாட்டியோ இந்தக் கம்பெனி என்றில்லை, ஏதோ ஒரு கம்பெனியில் பங்கு வாங்கியிருந்திருக்கலாம். ஏழு வருஷம் தொடர்ந்து யாரும் வாங்காத டிவிடெண்டும், அதற்குரிய பங்குகளும் இன்றைய சட்டப்படி மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். போனாலும் உரிமை போகாது. வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, பழைய பங்குப் பத்திரம் ஆகியவற்றோடு முதலில் கம்பெனிக்கு எழுதி, பிறகு அந்த நிதியத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. காகிதப் பத்திரத்தை அப்படியே விற்க முடியாது, டீமேட் கணக்குக்கு மாற்ற வேண்டும். இந்தப் பொங்கலுக்குப் பரணையும் டிரங்குப் பெட்டியையும் ஒழிக்கும்போது பழைய காகிதங்களை அடுப்பில் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பிரித்துப் படியுங்கள்.